எப்கூடு இருக்கே?

"ஹலோ... ஹலோ சார்... ம், கேக்குது, கேக்குது... ஃபோன் ரூம்லதான் சார் நிக்கிறேன்... ஆமா, கதவைச் சாத்திட்டேன்... காலையில அவசரம்னு மெசேஜ் போட்டது நான்தான்... ஆமா, அதைத்தான் சொல்ல வந்தேன்... சரி சார், நீங்க முதல்ல சொல்லுங்க."

அலுவலகத்தில் அவளைக் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் நாலு கமாவைக் கூட்டி, ரெண்டு கமாவைக் குறைத்துத் திருப்பித் தருவாள், அதனால் வந்த பெயர். வீடியோ கேம் வெளியிடுகிற நிறுவனம் அது. கேம் திரையில் வருகிற ஒவ்வொரு எழுத்தும் அவள் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகணும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஒற்றெழுத்துக்கூட அவளை ஏமாற்றிவிட்டுப் போனதில்லை. நேற்றுச் சாயங்காலம் போனது ஒற்றெழுத்து இல்லை, மொத்தக் கதையும்.

சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னோடது. ரெண்டு நாள் கொடுங்க, சரி பண்ணிடறேன். மேலாளர் மூச்சு விட இடம் கொடுத்தால்தானே சொல்ல முடியும்?

"ஓ... இப்ப நீங்க கூடு ஆபீஸ்லயா இருக்கீங்க?... கேம் ஓடிட்டிருக்கா?... பெரிய திரையிலயா சார்?... ஐயையோ... இல்ல, ஒண்ணுமில்ல, தும்மல் வந்துச்சு... எத்தனை பேர் பாக்கறாங்க?... பதினாலு பேரா?"

கூடு என்பது ஒரு கேம் பெட்டியின் பெயர். டிவியில் சொருகி விளையாடுவார்களே, அந்தப் பெட்டி. அதற்குப் போட்டிப் பெட்டியின் பெயர் படி. ஒரு காலத்தில் பெட்டிகளுக்கு வாயில் நுழையாத பெயராக வைத்தார்கள், யாருக்கும் வம்பில்லை. பிறகு எந்தப் புண்ணியவானோ, வீட்டில் புழங்குகிற சொல்லாக இருந்தால் மனசில் ஒட்டும் என்று சொல்லிவைத்தான். பிடித்தது சனி. படிக்காரர்கள் முதல் பெட்டிக்குப் படி என்று வைத்தார்கள், இரண்டாவதற்கு மேற்படி, மூன்றாவதற்கு முதல்படி. கடையில் போய் முதல்படி கொடுங்கள் என்றால் மூன்றாவதை எடுத்துக் கொடுப்பார்கள். முதலாவது வேண்டும் என்றால் கடைக்காரனே தலையைச் சொறிவான்.

கூடுக்காரர்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அவர்களுக்கு ரோஷம்தான் அதிகம். தங்கள் பெட்டியில் ஓடுகிற எந்தக் கேமிலும் போட்டிக்காரன் பெயர் ஓர் இடத்தில்கூட வரக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்கு ஒரு மெஷின். மெஷினுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது.

கமாவின் நிறுவனமோ இரண்டு பெட்டிக்கும் கேம் கொடுக்கிற நிறுவனம். 'எந்தப் பெட்டியானாலும் நம் கேம்' என்று வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நல்லவளாக இருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று பலகை எழுதியவனுக்குத் தெரியாது.

"ஆமா சார்... என்ன சத்தம் அங்க?... சிரிக்கறாங்களா?... சார், தயவுசெஞ்சு நிறுத்திடுங்க சார், அதைத்தான் நான் சொல்ல... என்னது?... பிடிச்சிருக்கா?... எது பிடிச்சிருக்கு?... எப்கூடு இருக்கே-வா?"

ஃபோன் ரூமில் விளக்கு அணைந்தது. அது கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறை, ஒருத்தர் நிற்கலாம், இன்னொருத்தர் நுழைந்தால் கதவு சாத்தாது. உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஆள் அசையாமல் நின்றால் யாரும் இல்லையென்று நினைத்து விளக்கு தானாக அணைந்துவிடும். கமா கையை மேலே தூக்கி ஆட்டினாள். விளக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த கதாசிரியர், தனக்குத்தான் கையாட்டுகிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்.

கதாசிரியர் அவள் கணவர். அலுவலகத்தில் கதாசிரியர், வீட்டில் 'என்னங்க'. வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் படகோட்டிக்கொண்டு வீடு வீடாகக் கடிதம் கொடுக்கிற தபால்காரன் கதையை நாலு வருஷம் உட்கார்ந்து எழுதினார். அந்தக் கேம்தான் இப்போது பதினாலு பேர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

நேற்று நடந்தது இதுதான். கூடு மெஷின் கேமைத் திருப்பி அனுப்பிவிட்டது. போட்டியாளர் பெயர் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இடத்தில் வருகிறதாம். கமா பதறிப்போய்ப் பார்த்தாள். அதில் உண்மையான படி எட்டே எட்டு, பெட்டியை டிவியில் இணைப்பது எப்படி என்று சொல்கிற பக்கத்தில். மிச்சமெல்லாம் எப்படி, அப்படி, இப்படி. கடிதம் படித்தாள். படியேறிப் போனான். படி இல்லாமல் மனுஷர்கள் எப்படிப் பேசுவார்கள்? இந்தக் கதையைச் சொல்கிறவருக்கே இரண்டு வரிக்கு ஒரு படி தேவைப்படுகிறது. விளக்கம் எழுதி அனுப்பினாள், விலக்குக் கேட்டாள். பதில் வரக் காணோம். சரி, அந்த எட்டையாவது மாற்றி வைப்போம் என்று, படியை எடு, கூட்டைப் போடு என்று பொத்தானை அமுக்கினாள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் என்று குறிக்க மறந்துவிட்டாள். கண் எரிச்சல், அவ்வளவுதான் காரணம். அடுத்த நிமிஷம் மெஷின் பிழை பூஜ்யம் என்று பச்சை டிக் போட்டுக் கேமைத் தானாகவே வாங்கிக்கொண்டது. விலக்குக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, நல்ல மனுஷர்கள் என்று வாழ்த்திக்கொண்டே வீட்டுக்குப் போனாள் பாவி.

காலையில் வந்து திறந்தால், தபால்காரன் கூடுயேறிப் போகிறான். கதவைத் திறந்த பெண் "எப்கூடு இருக்கே?" என்கிறாள். கடிதத்தைக் கூடுத்துப் பார்த்து அழுகிறாள்.

"இல்ல சார், யோசனைன்னு ஒண்ணும் இல்ல... சார், கேளுங்களேன்... யாரோட யோசனையும் இல்ல, அது வந்து... ஆமா... ஆமா, புதுசாத்தான் இருக்கும், இருக்காதா பின்ன... கூடுக்காரங்க என்ன சொன்னாங்களாம்?... பேச்சுலேருந்தே படியைத் துடைச்சு எடுத்துட்டீங்கன்னா?... அடக் கடவுளே... இல்ல சார், சந்தோஷம்தான், சந்தோஷத்துலதான் சொன்னேன்... சார், உண்மையைச் சொல்லிடறேன். தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னோ... என்ன?... அவர்கிட்டயா?... எப்ப பேசினீங்க?"

கமா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கதாசிரியர் டப்பாவின் மேல்தட்டை எடுத்து அவளுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதரைக்கா... நான் அப்ப பஸ்ல சார்... கேமைத் திறந்து பார்த்துட்டு நீங்க கோவமா இருந்தீங்களா?... ஆமா, யாரா இருந்தாலும் வேலையை விட்டு அனுப்பிடுவேன்னு சொல்லியிருப்பீங்க, அது தெரியும்... அவர் என்ன சொன்னார்?... இன்னொரு தடவை சொல்லுங்க சார், சரியாக் கேக்கல... வேணும்னேதான் எழுதினேன்னா?... அவரே சொன்னாரா?... 'சரிபார்த்தவ மேல தப்பில்ல, நான் எழுதினதே அதுதான்'னா... ம்... ம்... கேக்குது சார். லைன்லதான் இருக்கேன்."

ஒன்பதரைக்குப் பேசியிருக்கிறார். பத்து மணிக்கு அவள் வந்தபோது, "டீ குடிச்சியா?" என்று கேட்டாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மனுஷனோடு பதினேழு வருஷம் குப்பை கொட்டியும் இந்த அமுக்கத்தனம் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஒரு வரியில் ஒரு சொல்லை மாற்றினாலே மூன்று நாள் பேசாமல் இருக்கிறவர். நாலு வருஷக் கதையைக் குதறி வைத்தவளைக் காப்பாற்றுவதற்காக, ஆமாம் நான்தான் குதறினேன் என்று சொல்லியிருக்கிறார். கமாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"சார்... கேக்கறேன் சார்... ஆமா... கேம் இனிமே கூடுக்கு மட்டுமா?... மட்டும்னா?... அப்ப படிக்கு?... படிக்குக் கிடையாதா?... சார், படிக்காரங்களுக்குப் போகவேண்டியதுதான் சார் நல்ல... அதாவது, அதுல எல்லாமே ஒழுங்கா... இல்ல, இதுல ஒழுங்கு இல்லன்னு சொல்லல... ரெண்டு பெட்டிக்கும் கொடுக்கறதுதானே நம்ம வழக்கம், வாசல்லயே பலகை... கழட்டிடலாமா? பலகையையா?... ஆமா, பலகைதானே."

படிக்குப் போகவேண்டிய கேமில் கதை பழுதில்லாமல் இருந்தது. அதை ஒருத்தர் வாங்கி விளையாடினாலும் போதும், அவர் எழுதினது பூமியில் எங்கோ இருக்கும் என்று காலையிலிருந்து அதை நினைத்துத்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் போச்சு. குதறினதுதான் இனி கதை.

"சொல்லுங்க சார்... விளம்பரமா?... கேமுக்கா, பெட்டிக்கா?... பெட்டிக்கே விளம்பரமா... ஆமா, பெரிய விஷயம்தான்... என்ன வரியை எடுத்துக்கறாங்க?... எது?... கடைசி வரியா?"

அவள் அசையவில்லை. விளக்கு அணைந்தது. இந்தத் தடவை கையை ஆட்டவில்லை.

கேமின் கடைசி வீட்டில் ஒரு கிழவி இருப்பாள், மாடி ஜன்னலோரம், கட்டிலில். தபால்காரன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒன்று கேட்பாள்: "மறுபடி எப்ப வருவே?" அதற்குப் பதில் சொல்லப் பொத்தானே கிடையாது. விளையாடுகிறவர் எதை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. கதவைத் திறந்துகொண்டு போகத்தான் முடியும்.

அது கதாசிரியரின் அம்மா கேட்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தாள். தினமும் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பாள். நாளைக்கு வரேம்மா என்பார். ஒரு நாள் கேம் ஒன்றை முடித்துக் கொடுக்கவேண்டிய அவசரத்தில் இருந்தார், பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அன்றைக்குத்தான் அவள் போனாள். அம்மா பேச்சில் தன்னிடம் மிச்சம் இருப்பது அந்த மூன்று வார்த்தைதான் என்று அவர் ஒருமுறை கமாவிடம் சொல்லியிருக்கிறார். ஒரே ஒருமுறைதான்.

"சார், அந்த வரி வேண்டாம் சார்... இல்ல, அது மட்டும் வேண்டாம். வேற எதை வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்க... காரணம் இருக்கு... ஸ்பீக்கர்ல போடுங்க சார், நானே பேசறேன், விளம்பரம் கேக்கற அந்தக் கூடு மேடம்கிட்டயே சொல்லிடறேன்... போடுங்க... வணக்கம் மேடம்... நல்லா இருக்கேன்... ரொம்ப நன்றி... ஆமா... மேடம், நான் ஒரு உண்மையைச் சொல்லணும். இது யாரும் வேணும்னே பண்ணினது இல்ல... பொத்தானை அமுக்கும்போது நான்... ஹலோ?... ஹலோ மேடம்?... சார்? நீங்களா? ஸ்பீக்கரை ஏன் சார் நிறுத்தினீங்க?"

மேலாளர் வெளியே வராந்தாவுக்கு வந்துவிட்டார் போலிருந்தது. குரல் தாழ்ந்துபோய், வார்த்தை ஒவ்வொன்றும் பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. கமா ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா சார்... தப்புன்னு சொன்னா, சரிபார்க்காம அனுப்பினதா ஆகும்... ஆமா, என்னை அனுப்பிடலாம். அனுப்புங்க சார், நான் கேக்கறதே அதான்... அவரையா?... அவரை எதுக்கு?... பொய் சொன்னாரா... அவர் பொய்யா சார் சொன்னார்? நீங்க போட்ட சத்தத்துல... இல்ல, எதிர்த்துப் பேசல... ஆமா... ஆமா, ரெண்டு சம்பளமும் இங்கேருந்துதான், உங்களுக்குத் தெரியாததா... வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க, ஆமா... தெரியுது சார். தெரியுது."

ஒண்ணு அவரைப் பொய்யராக்கி வெளியே தள்ளணும், இல்லையென்றால் அவர் அம்மாவை விளம்பரத்துக்கு விக்கணும். மூன்றாவது வழி ஒன்று இருக்காதா என்று தேடினாள். பிழைப்பே அதுதானே, ஒரு சொல் பொருந்தாவிட்டால் இன்னொரு சொல்லைத் தேடிப் போடுவது.

"சார், ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்... கேம்ல எல்லாத்தையும் அப்படியே வெச்சுக்கட்டும். எப்கூடு, அப்கூடு எல்லாம் இருக்கட்டும். அந்தக் கடைசி வரியில மட்டும் 'திரும்ப எப்ப வருவே'ன்னு மாத்திடலாம். அதுல படியும் இல்ல, கூடும் இல்ல. மெஷினும் ஒண்ணும் சொல்லாது... கேட்டுப் பாருங்களேன் சார், ஒரு வார்த்தை... ஆமா, காத்திருக்கேன்."

காத்திருந்தாள். திரும்ப என்று அந்த அம்மா சொல்லவில்லை. அது தெரிந்தேதான் கேட்டாள். தெரியாத யாரோ ஒரு கிழவி கேட்ட மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதானே, அம்மாவை வைத்து யாரும் பெட்டி விற்க மாட்டார்களே என்று கணக்குப் போட்டாள்.

"சொல்லுங்க சார்... ஒத்துக்கலையா... அந்த வரிக்காகத்தானா எல்லாமே?... பார்த்துட்டுக் கண் கலங்கிட்டாங்களா... யாரு, அந்த மேடமா?... கிழவி கூட்டுக்குக் கூப்பிடற மாதிரி இருக்காமா... ம்... ம்... இப்பவே கையெழுத்தா?... அவர்கிட்டயும் கேட்டாங்களா?... என்ன சொன்னாராம்?... என்கிட்ட கேக்கச் சொன்னாரா? நான் எது சொன்னாலும் சரின்னா?"

அவள் கையில் ஃபோன் அதிர்ந்தது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கதாசிரியர் அனுப்பியிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பதினைந்து அடி தூரத்தில், மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'விளம்பரம்னு எனக்கும் சொன்னாங்க. சரின்னு சொல்லிடு. அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. சாப்பாடு ஆறுது, வா.'

கமா அதை இரண்டு தடவை படித்தாள். வழக்கம்போலப் பிழை தேடினாள். ஒன்றும் இல்லை.

"சார்... இருக்கேன்... சரி சார்... சரின்னுதான் சொல்றேன். கையெழுத்து போட்டுக்கோங்க... ஆமா, ரெண்டு பேருக்கும் சம்மதம்தான்... இல்ல, ஒண்ணும் வருத்தமில்ல... ஸ்பீக்கர்லயா?... வணக்கம் மேடம்... ஆமா மேடம்... ரொம்ப சந்தோஷம்... நானா?... நான் எதுக்கு மேடம், குரலுக்கு வேற ஆள் வெச்சுப் பேசலாமே... ஓ, மாதிரிக்கா... எந்த இடத்துல அழுத்தம் வரணும்னு... ஆமா, சரிபார்க்கறவளுக்குத்தான் தெரியும்... பதிவு பண்றீங்களா?... சரி."

தொண்டையைச் செருமிக்கொண்டாள். கையை ஆட்டி விளக்கை வரவழைத்தாள். கதாசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடி எப்ப... ஐயோ, மன்னிச்சுக்கோங்க மேடம்... ஆமா, பழக்கதோஷம்... மறுபடி சொல்றேன்... இல்ல, அது வரி இல்ல மேடம், மறுபடி சொல்றேன்னுதான் சொன்னேன், அதாவது இன்னொரு தடவை... ஆமா, சிரிப்பாத்தான் இருக்கு... மறு... மறு... ஒரு நிமிஷம் மேடம், நாக்கு வரமாட்டேங்குது. தண்ணி குடிக்காமப் பேசிட்டேன்... இல்ல, சொல்லிடறேன். இதோ."

கண்ணாடி வழியாகச் சத்தம் போகாதுதான். ஆனால் அந்த மூன்று வார்த்தையை ஐந்து வாரம் கட்டிலோரம் நின்று பார்த்தவர் அவர். படி என்றால் உதடு ஒருமுறை மூடும். கூடு என்றால் மூடாது, குவியும். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுகூடு எப்ப வருவே?"

கதாசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். டப்பாவின் மூடியை எடுத்து, ஒரு பக்கம் அமுக்கினார், மறுபக்கம் அமுக்கினார். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"சரியா வந்துச்சா மேடம்?... இன்னும் கொஞ்சம் பாசமாவா?... அம்மா கேக்கற மாதிரி... ஆமா... ஆமா மேடம், புரியுது... இன்னொரு தடவைதானே."

அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மறுகூடு எப்ப வருவே?"

இந்தத் தடவை தடுமாறவில்லை. அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. அது முடிவதற்குள் லைன் கட்டாகிவிட்டது.